கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, டாக்டர் ‘டிரை ஐ’ என்கிறார். எப்படி?

கரூர்_கணக்கு:
எனக்கு வயது 36, ஜவுளி கம்பெனியில் கணக்குப் பிரிவு, காலை ஒன்பது மணியிலிருந்து ராத்திரி ஏழு வரைக்கும் டேலியும் எக்செலும்தான். நாலைந்து மாதமாகச் சாயங்காலம் ஆனால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி ஒரே உறுத்தல், வண்டியில் போகும்போது காற்றுப் பட்டதும் பொலபொலவென்று தண்ணீர் கொட்டுகிறது. கண் டாக்டரிடம் காட்டினேன். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைத்தார்கள், அப்புறம் மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். காகிதம் 14 மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது, அது நார்மல்தான் என்று அவரே சொன்னார், அடுத்த வாக்கியத்தில் கண் வறட்சி என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிவிட்டார், நாளைக்கு நாலு வேளை. வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள், ஒன்றும் கேட்க முடியவில்லை. மருந்து விட்டால் அரை மணி நேரம் சுகம், பிறகு பழைய கதை. மாமியார் இது உடம்புச் சூடு, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடு என்கிறார். தண்ணீர் கொட்டுகிற கண் எப்படி வறண்ட கண்? ஆயுசுக்கும் இந்த மருந்துதானா?

இமைக்காதவன்:
நானும் இதே கேஸ், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற வேலை. முதலில் ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா பாருங்கள். எனக்கு அதுதான் பாதிக் காரணம். மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கி வையுங்கள், நிமிர்ந்து பார்த்தால் கண் அகலமாகத் திறந்திருக்கும், சீக்கிரம் காயும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கண் சிவப்பாக இருக்கிறதே என்று மெடிக்கலில் கேட்டு, சிவப்பை எடுக்கிற ஒரு சொட்டு மருந்து வாங்கி இரண்டு மாதம் விட்டேன். விட்டால் கண் பளிச், நிறுத்தினால் முன்னைவிடச் சிவப்பு. அது ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்தாம், வறட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்து இன்னும் மோசம், எரிச்சல் சட்டென்று அடங்கிவிடுவதால் சீட்டு இல்லாமல் தானாகவே வாங்கி வாங்கி விடுகிறவர்கள் இருக்கிறார்கள், கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கிற கிளாகோமா வரை போகும்.

ஆப்டோ_அக்கா:
பதினொரு வருடமாகக் கண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன், தினமும் நாலு பேராவது கேட்கிற கேள்வி இது. கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் இல்லை. கருவிழியை ஒட்டிச் சளி மாதிரி ஒரு வழவழப்பு, அதோடு கலந்து தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். ரசத்தின் மேல் நெய் மிதக்கிறதே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மீபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் எவ்வளவு ஊறினாலும் நிற்காது, நொடியில் ஆவியாகிவிடும். கருவிழி காய்ந்து எரிந்ததும் மூளை பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை அனுப்புகிறது, வெங்காயம் அரியும்போது வருவது மாதிரி. அதில் எண்ணெய் கிடையாது, கன்னத்தில் வழிந்து போகுமே தவிர கண்ணில் தங்காது. தண்ணீர் கொட்டியும் கண் வறண்டிருப்பது இதனால்தான்.

காகிதச் சோதனை தண்ணீரின் அளவை மட்டும் காட்டும், பத்துக்கு மேல் என்றால் பொதுவாகப் பரவாயில்லை. மஞ்சள் சாயம் விட்டது வேறு கணக்குக்கு. இமைக்காமல் இருந்தால் எத்தனை வினாடியில் படலம் உடைகிறது என்று பார்ப்பார்கள், பத்து வினாடிக்குக் கீழே வந்தால் குறைவு. அந்த வினாடிக் கணக்குக்குப் பெயர் டி.பி.யு.டி., உங்கள் சீட்டில் அப்படி எழுதி ஒரு எண் இருக்கிறதா பாருங்கள்.

எண்ணெய்தான் பிரச்சினை என்றால் ஒத்தடம் முக்கியம், சொட்டு மருந்து ஒட்டுப் போடுகிற வேலைதான் செய்யும். வெந்நீரில் நனைத்த கைக்குட்டை ஒரு நிமிடத்தில் ஆறிவிடும், அதனால்தான் பலர் “செய்தேன், கேட்கவில்லை” என்கிறார்கள். 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, பத்து நிமிடமாவது சூடு நிற்க வேண்டும். இரண்டு துணியை மாற்றி மாற்றி வையுங்கள், மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு. பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவுங்கள், கண்விழியை அழுத்தாமல். ஒரு மாதம் விடாமல் செய்துவிட்டுப் பேசுங்கள், நாலு நாளில் ஒன்றும் தெரியாது.

இமைப்பதும் ஒரு வேலை. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைக்கிறோம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட வராது, அதிலும் பலர் அரைகுறையாகத்தான் மூடுவார்கள். மேலிமையும் கீழிமையும் தொடுகிற மாதிரி மூடினால்தான் எண்ணெய் பிதுங்கி வரும்.

விளக்கெண்ணெய் பற்றி: மாமியார் சொல்வது முழுக்க அபத்தம் இல்லை, கண் வறட்சிக்கான சில மருந்துகளிலேயே விளக்கெண்ணெய் கலந்திருக்கிறது. ஆனால் அது கிருமி நீக்கிச் செய்தது. சமையலறைப் புட்டி அப்படி இல்லை, கண்ணில் விடாதீர்கள்.

நடைப்பயிற்சி_மாமா:
மீன் எண்ணெய் மாத்திரை எடுத்துப் பாருங்கள், ஒமேகா 3. என் நண்பருக்கு ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது.

ஆப்டோ_அக்கா:
ஐயா, நண்பருக்குச் சரியானதில் சந்தோஷம். ஆனால் அமெரிக்காவில் 535 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2018இல் முடிவு வந்தது. ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 3 கிராம் ஒமேகா 3, மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தேறினார்கள். மத்திமீன் குழம்பு சாப்பிடுங்கள், மாத்திரைக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

மதுரை_மகள்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். என் அம்மாவுக்கும் கண் எரிச்சல் என்றுதான் ஆரம்பித்தது, மூன்று வருடம் சொட்டு மருந்திலேயே ஓட்டினோம். தண்ணீர் குடிக்காமல் இட்லி விழுங்க முடியவில்லை, விரல் மூட்டு வலி, பல் அடுத்தடுத்துச் சொத்தை. இதையெல்லாம் தனித்தனி நோயாக நினைத்துத் தனித்தனி டாக்டரிடம் அலைந்தோம். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் ஷோகிரன் நோய் என்று தெரிந்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குமாம். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. உங்களுக்கு அப்படி என்று சொல்லவில்லை, வாய் வறட்சி இருந்தால் மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கரூர்_கணக்கு:
எல்லோருக்கும் நன்றி. வாய் வறட்சி இல்லை. சீட்டை எடுத்துப் பார்த்தேன், டி.பி.யு.டி. இரண்டு கண்ணிலும் 4 என்று போட்டிருக்கிறது, இத்தனை நாள் அதை ஏதோ கையெழுத்து என்று நினைத்தேன். ஏசி காற்று எங்கள் மேஜைக்கு நேர் மேலேதான், ஆபீஸ் பையன் அட்டை வைத்துத் திருப்பிவிட்டான், இப்போது பக்கத்து சீட் அண்ணன் புலம்புகிறார். நூல் தூசி அலர்ஜிக்காக ஒரு வருடமாக ராத்திரி செட்ரிசின் போடுகிறேன், அதுவும் சேருமா?

ஆப்டோ_அக்கா:
சேரும். அந்த வகை மாத்திரைகள் கண்ணீரையும் குறைக்கும். நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். சொட்டு மருந்தை நாலு தடவைக்கு மேல் விட வேண்டி வந்தால் பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காத வகை கேட்டு வாங்குங்கள், புட்டியின் முனை இமையில் படக்கூடாது. வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல் என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். வண்டியில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுகிறீர்களா?

கரூர்_கணக்கு:
ஹெல்மெட் பெட்டியில் இருக்கிறது அக்கா.