தோணி வயித்து ஹெலிகாப்டர்: சிகோர்ஸ்கியா, வெஸ்ட்லேண்டா?

கொலாபா_கார்த்தி:
மும்பை கேட்வேல மாண்ட்வா ஃபெர்ரிக்கு நிக்கும்போது தலைக்கு மேல பெரிய நேவி ஹெலிகாப்டர் ஒண்ணு போச்சு, அடிவயிறு தோணி மாதிரி, முதுகுல திமில் மாதிரி ஒண்ணு. "அப்பா இது தண்ணில மிதக்குமா"ன்னு பையன் கேட்டான், முழிச்சேன். தேடினா சீ கிங்னு வருது, ஆனா ஒருத்தன் சிகோர்ஸ்கிங்கறான், இன்னொருத்தன் வெஸ்ட்லேண்ட்ங்கறான், 42பி, 42சி, யூஹெச்-3ஹெச்னு தலை சுத்துது. எல்லாம் ஒண்ணுதானா?

செம்பூர் அண்ணாச்சி:
தம்பி, விதை அமெரிக்கா. சிகோர்ஸ்கிங்கற அமெரிக்க கம்பெனி 1959ல பறக்கவிட்டு 61ல அவங்க நேவிக்கு வந்துச்சு, நீர்மூழ்கி வேட்டைக்கு. பிரிட்டன்ல வெஸ்ட்லேண்ட்காரன் லைசன்ஸ் வாங்கி, கூடு அதேதான், உள்ள ரோல்ஸ்ராய்ஸ் நோம் இன்ஜினும் அவன் எலக்ட்ரானிக்ஸும் போட்டு செஞ்சான். 1971ல நமக்கு வந்தது அந்த வெஸ்ட்லேண்ட், 42னு பேரு. திமில் பாத்தீங்கல்லா, அதுக்குள்ள ரேடார், அப்ப அது 42பி. திமில் இல்லாம மூக்கு மட்டும் நீட்டிட்டிருந்தா 42சி, ஆள் ஏத்த, கமாண்டோ இறக்க, அதுல சோனார், அதான் சத்தத்த வச்சு நீர்மூழ்கிய கண்டுபிடிக்கிற கருவி, கிடையாது. கொலாபால ஷிக்ராங்கற நேவி ஹெலிகாப்டர் தளத்துலதான் நிக்கும், 2009க்கு முன்னாடி அந்த இடத்துக்கு குஞ்சாலின்னு பேரு, என் வாயில இன்னும் அதுதான் வருது.

நான் கிரவுண்ட்ல வேலை பாத்தவன். 42பி கடலுக்கு மேல அசையாம நின்னு கேபிள்ல சோனார இறக்கி காது குடுத்து கேக்கும், ரோட்டர் காத்துல உப்புத்தண்ணி சாரலா எழும்பி அதுமேலயே விழும், திரும்பி வந்தா கண்ணாடில வெள்ளையா பூத்திருக்கும், நல்ல தண்ணில கழுவாம டீக்கு போனதில்ல. மிதக்குமான்னா, ஆத்திர அவசரத்துக்கு, கடல் அமைதியா இருந்தா மிதக்கும்.

ஐரோலி_ஆனந்த்:
அண்ணாச்சி, பிரிட்டிஷ் மிஷின்ங்கறீங்க, அப்ப 1998ல பொக்ரான் அணுகுண்டு சோதனைக்கு அமெரிக்கா தடை போட்டதும் சீ கிங் ஏன் தரையில உக்காந்துச்சு?

செம்பூர் அண்ணாச்சி:
அதான் விதைன்னேன். நோம் இன்ஜினே ஜெனரல் எலக்ட்ரிக்கோட டி58தான், லைசன்ஸ்ல செஞ்சது. அங்கேருந்து வர்ற பார்ட்ஸ் நின்னா ஒண்ணுல கழட்டி இன்னொண்ணுல மாட்ட வேண்டியதுதான். அத பேசினா எனக்கு பிபி ஏறும்.

மாட்டுங்கா_மணி:
யூஹெச்-3ஹெச் மட்டும் அசல் சிகோர்ஸ்கி ப்ரோ, 2007ல ஜலாஷ்வா கப்பலோட சேத்து வாங்கினது, விசாகப்பட்டினத்துல இருந்துச்சு, 2024ல ரிட்டையர் ஆயிடுச்சு. 1969ல அப்பல்லோ 11 ஆளுங்கள பசிபிக்லேர்ந்து தூக்கினதும் இதே குடும்பம்தான். கனடா 1963ல வாங்கி 2018 வரை ஓட்டிச்சு. எகிப்து, கத்தார் மாதிரி நாடுங்க வாங்கின கமாண்டோ மாடல்ல பெரும்பாலும் பக்கவாட்டு மிதவை கிடையாது, பாலைவனத்துல எதுக்கு. எனக்கு ரொம்ப புடிச்சது பிரிட்டன் செஞ்ச கூத்து, 1982 ஃபாக்லாண்ட்ஸ் சண்டைல அவங்க ஷெஃபீல்ட் போர்க்கப்பல் அடிவாங்கினப்ப மேலேர்ந்து பாக்க ரேடார் இல்ல, அவசர அவசரமா சீ கிங் விலாவுல பெரிய பை மாதிரி ரேடார தொங்கவிட்டாங்க, பறக்கும்போது கீழ இறக்கி, தரைக்கு வரும்போது மேல மடிச்சுக்கணும். ஆனா போய் சேர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சிருச்சு.

கார்த்தி, பையனுக்கு இப்பவே நல்லா காட்டிருங்க. சீ கிங்குக்கு பதிலா 24 எம்ஹெச்-60ஆர் ஹெலிகாப்டருக்கு 2020ல ஆர்டர் போட்டாச்சு, 2024 மார்ச்ல கொச்சில முதல் ஸ்குவாட்ரனும் வந்துருச்சு. அதுல தோணி வயிறு கிடையாது.

கொலாபா_கார்த்தி:
திமில் கண்டிப்பா இருந்துச்சு, 42பிதான். போட்டோ எடுத்தேன், முன்னாடி நின்னவரு குடைதான் பாதி விழுந்திருக்கு.