கிரான்பெர்ரி சாஸும் கம்பிப் பதமும்

மாசசூசெட்ஸுக்குக் குடிவந்த முதல் ஆண்டில், நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையன்று, என் கணவருடன் பணிபுரியும் ஒருவர் எங்களை அமெரிக்கர்களின் நன்றி நவிலும் திருநாளான தேங்ஸ்கிவிங் விருந்துக்கு அழைத்திருந்தார். என்ன செய்து கொண்டுவரட்டும் என்று கேட்டதற்கு, கிரான்பெர்ரி சாஸ் போதும், அதைவிட எளிய வேலை எதுவும் இல்லை என்று அவருடைய தாயார் சொல்லிவிட்டார். கிரான்பெர்ரி என்பது புளிப்பான சிறு சிவப்புப் பழம்; அதன் பையின் பின்புறத்திலேயே செய்முறை அச்சிடப்பட்டிருந்தது: 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் பழத்துக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், கொதி வந்தபின் 10 நிமிடம். அதிரசத்துக்குப் பாகு வைக்கத் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

கழுவும்போதே பழங்கள் எல்லாம் மேலே மிதந்தன. ஒன்றை நறுக்கிப் பார்த்தால் உள்ளே நான்கு காற்றறைகள் இருக்கின்றன; இங்குள்ள தோட்டங்களில் அறுவடைக் காலத்தில் தண்ணீரை நிரப்பி, மிதக்கும் பழங்களை ஓரமாகத் திரட்டுவதும் அவற்றை நம்பித்தான். கொதி ஏறியதும் கடுகு வெடிப்பது போலப் பட்பட்டென்று தோல்கள் வெடிக்கத் தொடங்கின. மூடி போடாமல் எட்டிப் பார்த்ததற்கு அடையாளமாக என் சட்டைக் கையில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் இன்றும் இருக்கின்றன.

பத்து நிமிடம் கழிந்தும் சாஸ் தக்காளி ரசத்தைப் போல நீர்த்தே இருந்தது. ஒரு சொட்டைத் தொட்டுக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இழுத்துப் பார்த்தேன், கம்பி விழவில்லை. விழும்வரை விடுவதில்லை என்று மேலும் 25 நிமிடம் கிளறி, ஒருவழியாகப் பதம் வந்ததும் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் விருந்து மேசையில் கரண்டி அதற்குள் இறங்க மறுத்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கத்தியை எடுத்து, அதைக் கோதுமை அல்வாவைப் போலத் துண்டு போட்டார். கெட்டியானதைக்கூட மன்னிக்கலாம், தோலின் கசப்பும் சேர்ந்து ஏறியிருந்தது.

அவர் விளக்கிய பிறகுதான் தவறு புரிந்தது. இந்தப் பழத்தில் பெக்டின் என்னும், கூழை இறுகவைக்கும் பொருளும் புளிப்பும் இயற்கையாகவே மிகுதி. அவை சர்க்கரையோடு சேர்ந்து ஆறும்போதுதான் இறுகுகின்றன. ஆகவே சூட்டில் பாகுப் பதம் பார்ப்பது வீண். இப்போதெல்லாம் முக்கால்வாசிப் பழங்கள் வெடித்ததும், உறைவிப்பானில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் ஒரு கோடு இழுக்கிறேன். கோடு மூடிக்கொள்ளாவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுகிறேன்.

* * *

உங்கள் கிரான்பெர்ரி சாஸ் அனுபவத்தைப் படித்தேன், அக்கா. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. மாமனாருக்கு நீரிழிவு என்பதால் சர்க்கரையைக் கால் கப்பாகக் குறைத்ததோடு நில்லாமல், தண்ணீருக்குப் பதிலாக இரண்டு கப் ஆரஞ்சுச் சாற்றையும் ஊற்றினேன். இரவெல்லாம் குளிரில் இருந்தும் அது சாறாகவே கிடந்தது. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் என்று எண்ணியிருந்தேன். இறுகுவதற்கும் அது வேண்டும் என்பது தெரியாது. மறுநாள் காலை அரைக் கப் சர்க்கரை சேர்த்து, பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டதில் ஒருவாறு தேறியது. மாமனார் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்.

* * *

நாங்கள் வாங்கும் இரண்டு கிரான்பெர்ரிப் பைகளில் ஒன்றை மட்டும் சாஸாக்கிவிட்டு, மற்றதை நல்லெண்ணெயில் வதக்கி, உப்பு, மிளகாய்த் தூள், வெந்தயப் பொடி, பெருங்காயம் சேர்த்து ஊறுகாயாக்குவது எங்கள் வழக்கம். புளிப்பும் துவர்ப்பும் ஏறக்குறைய களாக்காயைப் போலவே இருக்கும். சென்ற ஆண்டு இரண்டு கிண்ணங்களையும் அருகருகே வைத்துவிட்டோம். நிறம் ஒன்றாக இருந்ததால், விருந்தினர் ஒருவர் ஊறுகாயை வான்கோழியின் மேல் தாராளமாக ஊற்றிக்கொண்டார். கண்ணில் நீர் வந்தாலும் மறுமுறை அதையேதான் கேட்டு வாங்கினார்.