நர்சிங்கை விட்டுவிடலாமா என்று தோன்றிய நாட்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பி.எஸ்சி. மாணவி, மூன்றாம் செமஸ்டர், தருமபுரி

எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். நீட் எழுதினேன், மதிப்பெண் பத்தவில்லை. மாமா சொன்னார் என்று நர்சிங்கில் சேர்த்துவிட்டார்கள்.

முதல் வருடம் அனாடமியும் பிசியாலஜியும் வகுப்பில் தலைக்கு மேலே போகும். ஹாஸ்டலுக்கு வந்து வரிவரியாகப் போனில் தேடிப் படித்துத் தேறிவிட்டேன். இப்போது ஃபார்மகாலஜி, மருந்துகள் பற்றிய பாடம். அதையும் எப்படியாவது உருட்டிவிடலாம். வார்டுதான் வயிற்றைக் கலக்குகிறது. பி.பி. பார்க்கச் சொன்னால் ஸ்டெத்தில் எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கும் தோழி டக்கென்று 130/80 என்கிறாள். போன வாரம் மேடம், நோயாளியின் குடும்பமே சுற்றி நிற்க, "நீயெல்லாம் எதுக்கு இந்த ஃபீல்டுக்கு வந்த?" என்று கேட்டார். அந்த நோயாளியின் மனைவி, "விடுங்கம்மா, சின்னப் பொண்ணு" என்று எனக்காகப் பரிந்து பேசினார். திட்டு வாங்கியதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

மாதாமாதம் வரும் புதுமைப் பெண் உதவித்தொகை ஆயிரம் ரூபாய் ரெக்கார்டு நோட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் போய்விடுகிறது. அப்பாவுக்குக் கட்டட வேலை. படிப்பை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, தொடரவும் தைரியம் இல்லை. இந்த மாதிரி யாருக்காவது இருந்ததா? என்ன செய்தீர்கள்?

ஸ்டாஃப் நர்ஸ், அரசு மருத்துவமனை, மதுரைப் பக்கம்

தங்கச்சி, அழுவதற்கு முன்னால் ஸ்டெத்தைக் கையில் எடு. காதில் வைக்கும் முனைகள் இரண்டும் லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு உன் மூக்குப் பக்கம், அதாவது முன்னால் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் பாதிச் சத்தம் போய்விடும். அப்புறம் டயாஃபிரத்தை, அதான் நோயாளி உடம்பில் வைக்கும் தட்டையான பக்கத்தை, விரலால் தட்டிப் பார். தட்டும் சத்தம் கேட்கவில்லை என்றால் தலைப்பகுதி மறுபக்கம் திரும்பியிருக்கிறது, சுழற்றிவிடு. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே பி.பி. பட்டையில் காற்றடி. நாடி நின்ற இடத்துக்கு மேலே இன்னும் 30 ஏற்று. முழங்கை மடிப்பில், உள்பக்கமாக, துடிப்பை விரலால் தேடிப் பிடித்து ஸ்டெத்தை அங்கே வை. நொடிக்கு 2, 3 மில்லிமீட்டர் என்று பொறுமையாக இறக்கு. வேகமாக இறக்கினால் எனக்கே கேட்காது.

நான் ஜி.என்.எம்., அதாவது நர்சிங் டிப்ளமோ படித்தவள். என்னை விரட்டியது டிரிப் கணக்கு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு ஏற வேண்டும் என்ற கணக்கு. கணக்கு வராத பெண் நர்ஸ் ஆகக் கூடாது என்று நானே முடிவு பண்ணி, அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதி வைத்துவிட்டேன். நைட் டூட்டியில் ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் என்னை ஒரு கட்டில் பக்கத்தில் நிறுத்தினார். "500 மில்லி, 8 மணி நேரத்துல போகணும். செட்டுல ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல பெருக்கு. 480 நிமிஷத்தால வகு." 20.8 வந்தது. "21 சொட்டு. இப்ப வாட்சைப் பாத்து எண்ணு." எண்ணினேன். அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று வார்டு முழுக்க எண்ண வைத்தார். அந்தப் போஸ்டிங் முடியும்வரை தினமும் இதே வேலை. இன்றைக்கு வார்டில் நடந்து போகும்போதே எது வேகமாக ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று கண்ணில் பட்டுவிடும்.

உன் மேடம் விஷயம். திட்டினால்தான் உறைக்கும் என்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். நோயாளி முன்னால் ஒரு மாணவியை மட்டம் தட்டினால், மறுநாள் அவளிடம் அந்த நோயாளி கையை நீட்டுவாரா? ஊசி போட விடுவாரா? உனக்கு ஒத்து வரும் வேறொரு மேடமோ வார்டு சிஸ்டரோ நிச்சயம் இருப்பார். டூட்டி முடிகிற நேரமாகப் பார்த்து, "அக்கா, ஒரு தடவை கூட நின்னு காட்டுறீங்களா" என்று கேள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இறுதியாண்டு மாணவன், திருநெல்வேலி

எங்கள் பேட்ச்சில் பையன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊருக்குப் போனால் "என்னலே, கம்பவுண்டருக்கா படிக்க?" என்று டீக்கடையில் ஆரம்பிப்பார்கள். அதைச் சிரித்துக் கடந்துவிடுவேன். லேபர் வார்டு போஸ்டிங்தான் உடைத்துவிட்டது. உள்ளே நுழைந்தாலே பிரசவத்துக்கு வந்த பெண்கள் "தம்பி, நீங்க வெளியே இருங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான், அவர்கள் உடம்பு, அவர்கள் உரிமை. ஆனால் பிரசவம் பார்த்ததாக லாக் புக்கில் எழுத வேண்டுமே! வராண்டாவில் நின்றுகொண்டு, இந்தப் படிப்பில் எனக்கு என்ன வேலை என்று யோசித்திருக்கிறேன்.

அப்புறம் ஆண்கள் சர்ஜரி வார்டு. பிராஸ்டேட் ஆபரேஷன் முடிந்த ஒரு தாத்தா, கத்தீட்டர் என்கிற சிறுநீர்க் குழாயைப் பராமரிக்க வந்த பெண் பிள்ளைகளை வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு விரட்டிவிட்டார். என்னைப் பார்த்ததும், "ஏய்யா, நீ இருக்கும்போதே உடம்பையும் தொடச்சு விட்டிரு" என்றார். ஷேவிங்கும் செய்துவிட்டேன். மறுநாள் எனக்கு வேறு வார்டு. "அந்தப் பையன் எங்க?" என்று இன்சார்ஜ் அக்காவைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு பை கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று அளக்க மாட்டேன். தனியார் மருத்துவமனையில் ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்று சீனியர்கள் சொல்லும்போதெல்லாம் அந்த யோசனை மறுபடி வருகிறது.

ஐ.சி.யூ. நர்ஸ், சென்னை

எனக்குப் படிப்பும் வந்தது, கையும் வந்தது. நல்ல மார்க் எடுக்கும் பெண்களுக்கு இந்த எண்ணம் வராது என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாம் வருடம் மெடிக்கல் வார்டில் பக்கவாதம் வந்த ஒரு பாட்டியை எனக்குக் கேஸ் ஸ்டடிக்குக் கொடுத்திருந்தார்கள். பேச்சு கிடையாது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பேன், முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவேன். நான் தலைமாட்டை உயர்த்தினாலே சாப்பாடு என்று அவருக்குத் தெரியும், நல்லாயிருந்த கையால் என் ஏப்ரனைப் பிடித்துக்கொள்வார். ஒரு மதியம் டூட்டிக்குப் போனபோது திரை இழுத்து மூடியிருந்தது. டாக்டர் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"உன் பேஷண்ட்தானே, வா" என்று வார்டு சிஸ்டர் கூப்பிட்டார். டியூபை எடுத்தோம். கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கை கால்களை நேராக்கி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினோம். புத்தகத்தில் வரிசை மாறாமல் படித்ததுதான். கட்டுத்துணியில் முடிச்சுப் போட என் விரல் ஒத்துழைக்கவில்லை. அழுதுவிட்டேன். இப்படி அழுகிறவள் நர்ஸாக இருக்க முடியாது, வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று அன்றைக்கு உறுதியாகத் தோன்றியது.

சிஸ்டர் முடிச்சைப் போட்டு முடித்தார். தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. "அழுது முடிச்சுட்டு சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. ஆறாம் பெட்டுக்கு இன்சுலின் இருக்கு, 40 யூனிட் வயல், சிவப்பு மூடி சிரிஞ்சா பாத்து எடுத்து வை" என்றார். போய் எடுத்து வைத்தேன்.

இப்போது ஐ.சி.யூ.வில் சாவு அடிக்கடி. சில நாள் அழுகை வரும், சில நாள் வராது. வராத நாள்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அது வேறு கதை.

தங்கச்சிக்கு இன்னொன்று. பயம் வேறு, உடம்பு முடியாமல் போவது வேறு. என் ரூம்மேட் ஒருத்தி வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பாட்டைத் தொடாமல், "இருந்து என்ன ஆகப் போகுது" என்று பேச ஆரம்பித்தாள். நாங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று விடவில்லை, மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது, படிப்பை முடித்துவிட்டாள். நேரில் போகத் தயங்கினால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

முன்னாள் நர்சிங் மாணவி, கோவை

இங்கே எல்லாரும் தொடர்ந்து படித்தவர்களாகவே இருக்கிறீர்கள். விட்டுப் போன ஒருத்தியும் பேசட்டும்.

எனக்கு ரத்தம் பயமில்லை, ஆங்கிலம் பயமில்லை. டீச்சர்களும் நல்லவர்கள். வார்டு நன்றாகப் போன நாளில்கூட "நாளைக்கும் இதே வேலையா" என்று இருந்தது. அதை வைத்துத்தான் முடிவு எடுத்தேன். திட்டு வாங்கிய நாளிலோ அரியர் விழுந்த நாளிலோ எடுத்திருந்தால், இன்றைக்கும் குழம்பிக்கொண்டுதான் இருப்பேன். தருமபுரித் தங்கையின் கதையில் எனக்கு அது தெரியவில்லை. அவள் பி.பி. கேட்கவில்லை என்றுதான் அழுகிறாள், பி.பி. பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை.

அப்பாவிடம் சொன்னபோது இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அடுத்தது என்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும், இல்லையென்றால் பேச்சு நகராது. நான் பி.காம். என்றேன். இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன்.

கல்லூரியில்தான் இழுத்தடித்தார்கள். மீதி வருடங்களின் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் வெளியிட்ட அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்து அப்பா மேஜையில் வைத்தார். அதன் பிறகுதான் பேச்சே மாறியது. விடுகிறவர்கள் எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் சீல் வாங்குங்கள். டி.சி.யோடு நடத்தைச் சான்றிதழையும் கையோடு வாங்கிவிடுங்கள், அடுத்து சேரும் கல்லூரியில் கேட்பார்கள்.