வளைவுக் காசு: முதல்ல ஊரில எத்தினை சனம் எண்டு சொல்லுங்கோ

செயலாளர், ரொறன்ரோ

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம். நெடுந்தீவு மாவலித்துறையில வரவேற்பு வளைவு ஒண்டு கட்டுறதெண்டு போன கூட்டத்தில முடிவெடுத்தது தெரியும்தானே. வராத ஆக்களுக்காகத் திருப்பி எழுதுறன் (வந்தது 14 பேர், அதில மூண்டு பேர் சாப்பாட்டு நேரம் வந்தவை). இப்ப வெளிநாட்டுச் சனம், கொழும்புச் சனம் எல்லாம் குதிரை பாக்க, பெருக்கமரம் பாக்க எண்டு போட்டில வந்து இறங்குது, இறங்கின உடன கண்ணில படுறது துருப்பிடிச்ச தகரமும் ஓட்டோவும்தான். மதிப்பீடு 38 லட்சம் ரூபா. குடும்பத்துக்கு 150 டொலர், ஐரோப்பா ஆக்கள் அதுக்குச் சமனா. ஆயிரம் டொலருக்கு மேல தாற ஆக்களின்ர பேர் கல்லில பொறிக்கப்படும். "பத்தாயிரம் மக்கள் வாழும் எம் தீவின் முகப்பு" எண்டு பிரசுரமும் அடிச்சாச்சு, இணைச்சிருக்கிறன்.

சூரிச்சில இருந்து

அண்ணை, 150 பிராங் பெரிய காசில்லை, நான் கேக்கிறது கணக்கு. 2017 இல தண்ணிப் பவுசருக்கெண்டு சேர்த்தனீங்கள், நான் 300 போட்டனான், ரசீது நம்பர் 41, இப்பவும் கிடக்கு. பவுசர் வந்து ஒரு வரிசம் ஓடினது, பேந்து ரயர் இல்லாமல் நிக்குதாம். மிச்சக் காசு எங்க எண்டு மூண்டு தரம் கேட்டுட்டன், மூண்டு தரமும் "கூட்டத்துக்கு வாரும்" எண்டு பதில். சூரிச்சில இருந்து ரொறன்ரோ கூட்டத்துக்கு எப்பிடி வாறது, நீங்களே சொல்லுங்கோ.

மற்றது அந்தப் பத்தாயிரம். எங்க இருந்து வந்தது? 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில நெடுந்தீவுப் பிரதேச செயலர் பிரிவு முழுக்க 3,800 சொச்சம் பேர். தீவு கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர். பிரிச்சுப் பாருங்கோ, ஒரு சதுர கிலோமீற்றருக்கு 80 பேர் கூட வராது. முழு யாழ் மாவட்டத்தையும் எடுத்தால் 5 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம், சதுர கிலோமீற்றருக்கு 500க்கு மேல. அதாவது மாவட்டத்தின்ர நிலத்தில எங்கட பங்கு இருபதில ஒண்டு, சனத்தில நூறில ஒண்டு கூட இல்லை. 38 லட்சத்தை 3,800 ஆல பிரிச்சால் தலைக்கு ஆயிரம் ரூபா வளைவு. உதை வாயால சொல்லிப் பாருங்கோ, எப்பிடி இருக்கெண்டு.

பாரிஸ்

தம்பி சூரிச், நீர் கணக்கில வலு கெட்டிக்காரன், உம்மட ஐயாவும் அப்பிடித்தான், ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் எண்டது தலை எண்ணுற விசயமில்லை.

பாக்குநீரிணையில இலங்கைப் பக்கத்துப் பெரிய தீவுகளில ஒண்டு எங்கடது. யாழ்ப்பாண மாவட்டத்தில கிராம சேவகர் பிரிவு நம்பர் ஜே 1 எண்டு எங்கட மண்ணிலதான் தொடங்குது, ஜே 6 வரைக்கும் நாங்கள்தான், அதுக்குப் பிறகுதான் மற்றவை. கச்சதீவு எங்கட பிரதேச செயலகத்துக்குள்ள, அந்தோனியார் திருநாளுக்கு ரண்டு கரைச் சனமும் கூடுறது எங்கட எல்லைக்குள்ள. வெடியரசன் எண்ட பழைய ராசாவின்ர கதை எங்கட கதை. பறங்கி வந்தான், ஒல்லாந்தன் வந்தான், இங்கிலீசுக்காரன் நோலன் துரை குதிரை வளர்க்க வந்து இருந்தான், எல்லாரும் போனாங்கள், குதிரை நிக்குது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் பிறந்தது ஊர்காவற்றுறைக் கரம்பனெண்டாலும் தேப்பன் வழி எங்கட ஊர். இப்ப பாரும், சூரிய வெளிச்சமும் காத்தும் கலந்து கரண்ட் எடுக்கிற திட்டத்துக்கு இந்தியா 11 மில்லியன் டொலர் குடுத்தது மூண்டே மூண்டு தீவுக்கு, அதில எங்கடது ஒண்டு.

நான் யாழ்ப்பாணத்தில அறை எடுத்துப் படிக்கேக்க "தீவான்" எண்டுதான் கூப்பிடுவாங்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டவன் ஒருத்தனும் இல்லை. "உப்புத்தண்ணி குடிச்ச மூளை" எண்டு ஒரு வாத்தி வகுப்பில சொன்னவர். அந்த வளைவுக்குக் கீழால அந்தாளின்ர பேரப்பிள்ளையள் வந்து செல்பி எடுக்கவேணும். எனக்கு அது காணும். 500 ஈரோ போடுறன், எழுதிக்கொள்ளுங்கோ.

லண்டன் அக்கா

எல்லாருக்கும் வணக்கம், நான் எழுதுறது குறைவு. ஆடி கடைசியில ஊருக்குப் போட்டு வந்தனான், அதால எழுதுறன்.

யாழ்ப்பாணத்தில காலமை 776 பஸ் எடுத்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு எண்டு குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர ஒண்டரை மணித்தியாலம், அங்கால போட்டில ஒரு மணித்தியாலம். சோளகக் காத்து எழும்பியிருந்த நேரம், ஏழாத்துப் பிரிவடியில போட் தூக்கிப் போட்டதில பக்கத்தில இருந்த ரீச்சர் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடிச்சபடி சத்தி எடுத்துக்கொண்டு வந்தா. உப்பிடித்தான் ஒவ்வொரு நாளுமோ எண்டு கேட்டன், சோளகம் முடியுமட்டும் இப்பிடித்தான் அன்ரி எண்டா. அந்த போட்டில ரீச்சர்மார், கந்தோர் ஆக்கள், மருந்துப்பெட்டி, கோழிக்குஞ்சு எல்லாம் ஒண்டாத்தான் வருது, பின்னேரம் அதே ஆக்கள் திரும்பிப் போறது. ஊரில பகலில நிக்கிற சனம் வேற, ராவில நிக்கிற சனம் வேற, உங்கட கணக்கில இது எதில வருமோ தெரியேல்லை தம்பி.

சின்னம்மாவுக்கு 76 வயசு. முற்றத்தில தண்ணிக் கான் 11 வரிசையா வைச்சிருக்கிறா, நீலமும் வெள்ளையும். ஒவ்வொண்டிலயும் சிவப்புப் பெயின்ரால "ம" எண்டு எழுதியிருக்கு, இல்லாட்டி குழாயடியில மாறிப்போயிடுமாம். குழாயில தண்ணி வாற நேரம் ஒரு கணக்கில்லை, வந்தால் ஒழுங்கைப் பெடியன் சைக்கிள் மணி அடிப்பான், மணி கேட்டால் அடுப்பில என்ன கிடந்தாலும் விட்டுட்டு ஓடவேணும். நல்ல தண்ணி குடிக்கவும் தேத்தண்ணிக்கும் மட்டும். குளிக்கிறது வீட்டுக் கிணத்து உவர்த்தண்ணி, சவுக்காரம் போட்டால் நுரைக்காது, தலைமயிர் கயிறு மாதிரி. அரிசி கழுவின தண்ணி மாட்டுக்கு, கோப்பை கழுவினது முருங்கைக்கு. நான் பழக்கதோசத்தில பல்லுத் தீட்டேக்க குழாயைத் திறந்து விட்டமாதிரி செம்பைக் கவிழ்த்துப்போட்டன், சின்னம்மா ஒண்டும் சொல்லேல்லை, ஆனால் பாத்தா.

ராவு படலையடியில நிண்டு எண்ணினனான். எங்கட ஒழுங்கையில அந்தக் காலத்தில 13 வீடு. வெளிச்சம் எரிஞ்சது 4 வீட்டில. மூண்டு பூட்டு, ரண்டுக்குக் கூரை இல்லை, மிச்ச நாலும் வெறும் முருகைக்கல்லு வேலி மட்டும், உள்ளுக்குப் பனங்கூடல். வெளிச்சம் எரிஞ்ச நாலு வீட்டிலயும் சேர்த்து 7 பேர், 60 வயசுக்குக் கீழ ஒராள்தான், அவரும் கடல் தொழிலுக்கு வந்து வாடகைக்கு இருக்கிறவர். பள்ளிக்கூடத்தில ஒரு வகுப்புக்கு எட்டிப்பாத்தன், 6 பிள்ளையள், ஆனால் கையெழுத்து முத்து மாதிரி.

மாவலியில போட்டுக்குக் காத்து நிக்கிற கிழடுகளுக்கு வடிவாய் நிழல் இல்லை அண்ணை. வளைவுக்குக் கீழ எத்தினை பேர் நிக்கலாம்?

நோர்வே

அக்கா எழுதினது வாசிச்சுப்போட்டு வேலைக்குப் போகேல்லை. கானில "ம" எண்டால் மகேஸ் மாமியோ? அவ எங்கட அம்மான்ர கூட்டாளி.

தண்ணிக் கதை வந்தபடியா சொல்லுறன். எங்கட தீவில ஆறுமில்லை மலையுமில்லை, தட்டையான சுண்ணாம்புக்கல்லு. ஐப்பசி கார்த்திகை மாரியில பெய்யிற மழைதான் கல்லுக்குள்ளால இறங்கி, அடியில கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கும், பாலுக்கு மேல ஆடை நிக்குமே அதுமாதிரி. துலாவில இறைச்ச காலத்தில ஆடையை மெல்ல வழிச்சு எடுத்த மாதிரி. மிசின் பூட்டி உறிஞ்சினால் ஆடை கிழிஞ்சு அடி உப்பு மேல வந்திடும், பிறகு லேசில இறங்காது. சாராப்பிட்டிக் கிணறுகள் தப்பி நிக்குது, அதைத்தான் கனபேர் நம்பியிருந்தது. நீங்கள் ஆழக் கிணறு வெட்டக் காசு சேர்க்கிறம் எண்டு கிளம்பினால் அதுக்கு நான் ஒரு சதம் தரமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்.

கல்லு வேலியை எல்லாரும் இப்ப போட்டோ எடுக்கினம். அது அழகுக்குக் கட்டினதில்லை. காணியில கல்லுப் பொறுக்கி முடிஞ்சால்தான் மண் தெரியும், பொறுக்கின கல்லை எங்க போடுறது, சுத்தவரப் போட்டால் வேலி. சீமெந்து ஒண்டுமில்லை, கல்லுக்கு மேல கல்லு, மாடு முட்டினாலும் நிக்கும். என்ர அப்பு ஒரு கல்லைக் கையில எடுத்தால் பிறகு அதைக் கீழ வைக்கமாட்டார், வேலியில அதுக்கு இடம் கண்டுபிடிச்சுத்தான் வைப்பார்.

சனம் குறைஞ்சதும் இப்ப இல்லை. பெரியப்பா ஆக்கள் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில காணி குடுக்கினம் எண்டு வெளிக்கிட்டது நான் பிறக்கமுதல். "அங்க வாய்க்காலில தண்ணி ஓடுதாம், சும்மா ஓடுதாம்" எண்டு ஆச்சி சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ. பிறகு 85 வைகாசி 15, குமுதினிப் போட் படுகொலை. அதைப்பற்றி நான் இதில எழுதேல்லை. அதுக்குப் பிறகு கடல் தாண்டப் பயத்தில கனபேர் திரும்பி வரவே இல்லை, யாழ்ப்பாணத்தில நிண்டபடி அப்பிடியே வெளிநாடு. பாரிஸ் அண்ணை சொல்லுற பத்தாயிரம் எங்கயோ இருக்குத்தான், ஆனால் தீவில இல்லை, எங்கட வீட்டு வரவேற்பறையளில இருக்கு.

ஒடியற்கூழ் ஒருநாள் காய்ச்சினனான், ஒஸ்லோவில கிடைச்ச நண்டு போட்டு. சரிவரேல்லை.

பாரிஸ்

பத்தாயிரம் நான் சொன்னதில்லை, செயலாளர் போட்டது. வாசிச்சு எழுதுங்கோ.

மற்றது லண்டன் பிள்ளை, ஊருக்குப் போய் குழாயடியையும் உடைஞ்ச வீட்டையும் எண்ணிக்கொண்டு வந்து குழுவில எழுதிறது லேசு. அந்தக் கூரை இல்லாத ரண்டு வீட்டில ஒண்டு எங்கட வீடு. ஏன் கூரை இல்லை எண்டு உமக்குத் தெரியாட்டி உம்மட சின்னம்மாவைக் கேளும், ஓடு எந்த வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனது எண்டு அவவுக்குத் தெரியும். உம்மட கொப்பர் சங்கக்கடையில இருக்கேக்க சீனிப் பங்கீட்டில என்ன நடந்தது எண்டதையும் நான் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை. எங்கட ஐயா சைக்கிள் குடுத்து உதவினதால உம்மட அண்ணர் சோதினைக்குப் போனவர், அதை ஒருத்தரும் எழுதமாட்டினம். இனி நான் இந்தக் குழுவில எழுதமாட்டன். வணக்கம்.

லண்டன் அக்கா

அண்ணை, சைக்கிள் கதை எனக்குத் தெரியும். அண்ணா சாகுமட்டும் சொன்னவர், அதுக்கு ஒருநாளும் இல்லையெண்டு சொல்லேல்லை. ஓட்டுக் கதை எனக்குத் தெரியாது, உண்மையெண்டால் வெக்கம்தான். உங்கட வீட்டுக் கிணத்தடி இப்பவும் உடையேல்லை, துலாக்கால் ஒண்டு நிக்குது, படம் எடுத்தனான். குழுவில போடேல்லை, உங்களுக்குத் தனிய அனுப்புறன்.

செயலாளர், ரொறன்ரோ

தனிப்பட்ட விசயங்களைத் தனிமடலில கதைக்கவும். வளைவுத் தீர்மானத்தை மாத்திறதெண்டால் யாப்பின்படி பொதுச்சபை கூட்டவேணும், 21 நாள் அறிவித்தல். வளைவுக்கெண்டு இதுவரை 11 பேர் காசு போட்டிட்டினம், அதைத் திருப்பிக் குடுக்கிறதெண்டால் வங்கிக் கட்டணம் ஆர் கட்டுறது? பிரசுரத்தில "பத்தாயிரம்" எண்டதை "உலகெங்கும் வாழும்" எண்டு மாத்தலாம், அச்சுக்காரர் 80 டொலர் கேக்கிறார்.

பாரிஸ்

படம் கிடைச்சுது பிள்ளை. அது துலாக்கால் இல்லை, ஐயா ஆடு கட்டினது. துலாக்கால் மற்றப் பக்கம் நிண்டது, விழுந்திட்டுது போல. கிணத்துக் கட்டில எழுத்து ஏதும் தெரியுதோ எண்டு பாத்தனீரோ? 1968 எண்டு அண்ணர் ஆணியால கீறினவர்.

அந்த 500ஐ வளைவுக்குத்தான் எழுதினனான், அதை மாத்தமாட்டன். ஆனால் மாவலியில சனம் இருக்கிறதுக்கு ஒரு கொட்டிலும் மழைத்தண்ணி பிடிக்கத் தாங்கியும் போட்டு, அதுக்கு முன்பக்கத்தில ஊர்ப்பேரைக் கடலில இருந்து வாசிக்கக்கூடிய மாதிரிப் பெரிசா எழுதினால் அதையும் வளைவெண்டு நான் ஏற்றுக்கொள்ளுவன். சின்னதா எழுதினால் இல்லை.

சூரிச்சில இருந்து

தாங்கி ஆயிரம் லீற்றரோ ரண்டாயிரமோ? குறிகட்டுவானால போட்டில ஏத்திற கூலியையும் சேர்த்து மூண்டு கடையில விலை எடுத்து எழுத்தில அனுப்புங்கோ. எழுத்துக்குப் போற பெயின்ற் செலவு தனியாக் காட்டவேணும்.

ரசீது நம்பர் 41க்கு இன்னும் பதில் வரேல்லை.