டிக் டிக் சத்தம் வரும் லேப்டாப்: ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாமா?

ஆல்பம்காரன், காரைக்குடி

வணக்கம். 2017இல் வாங்கிய லேப்டாப். 1 டிபி ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுப் போய் பால் காய்ச்சி, காபி குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் டெஸ்க்டாப் வந்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எந்நேரமும் 100 சதவீதம். ஒரு வாரமாக இடது மணிக்கட்டு படும் இடத்துக்கு அடியில் டிக் டிக் என்று சத்தம் வேறு. டி டிரைவில் ஆறு வருடக் கல்யாணப் படங்கள், 610 ஜிபி. கடையில் 480 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டு "அப்படியே க்ளோன் பண்ணித் தருகிறோம்", அதாவது பழைய டிஸ்கை முழுசாக நகலெடுத்துத் தருகிறோம் என்கிறார்கள். சரியாக வருமா?

மலைக்கோட்டை

தாராளமாகப் போடுங்கள் அண்ணா. அரை மணி நேர வேலை.

லேப் வாத்தியார்

நான் கடைக்காரன் இல்லை, பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். இருபது லேப்டாப்பாவது திறந்திருப்பேன். தம்பி, அரை மணி வேலைதான், ஆனால் டிக் டிக் என்றால் கதையே வேறு. எஸ்எஸ்டி இருக்கட்டும், முதலில் படங்களை வெளியே எடுங்கள்.

610 ஜிபி 480க்குள் எப்படிப் போகும்? அந்த 480கூட விண்டோஸில் 447 என்றுதான் காட்டும். அதோடு, சாகக் கிடக்கிற டிஸ்கை க்ளோன் செய்தால் மொத்த டிஸ்கையும் ஒரே மூச்சில் படிக்கவைக்கிறோம். கெட்டுப்போன இடத்தில் மாட்டிக்கொண்டு திணறும். அப்படி ஒருமுறை ஒரு டீச்சரின் டிஸ்கை நானே முடித்துவைத்தேன். இன்றும் அவர் எதிரே வந்தால் வராண்டா மாறிப் போகிறேன்.

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு 'கரண்ட் பெண்டிங் செக்டர்', அதாவது டிஸ்க் படிக்கத் திணறும் இடங்கள், எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண் ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிப்படையில், இருக்கும். 28 என்றால் 40. பூஜ்யம் இல்லையென்றால் இன்றைக்கே எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, வேறெங்கும் காப்பி இல்லாத ஃபோல்டர்களை முதலில் நகலெடுங்கள். லேப்டாப்பை மேஜையில் ஆடாமல் வைத்துவிடுங்கள். யாராவது செக் டிஸ்க் (டிஸ்கின் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி) ஓட்டச் சொன்னால், படங்கள் வெளியே வரும்வரை வேண்டாம்.

அப்புறம் எஸ்எஸ்டி. 2.5 இன்ச், சாட்டா இணைப்பு, 7 மிமீ தடிமன் என்று கேட்டு வாங்குங்கள். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 ரக எஸ்எஸ்டி அந்த இடத்தில் உட்காராது. விண்டோஸைப் புதிதாகவே ஏற்றுங்கள். லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது, நெட் கொடுத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பழைய டிஸ்கைச் சுற்றியிருக்கும் தகர பிராக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதியதற்கும் அதுதான். மூடியை நெம்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும்.

ஆல்பம்காரன், காரைக்குடி

பார்த்தேன் சார். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை, பெண்டிங் 1எஃப்.

லேப் வாத்தியார்

31. கடைக்கு ஓடுங்கள்.

ஆல்பம்காரன், காரைக்குடி

நான்கு நாள் கழித்து வருகிறேன். 610 ஜிபியை எடுக்க இரண்டு ராத்திரி ஆனது. ஒரு கல்யாணத்தின் நலங்குப் படங்களில் 14 மட்டும் வரவே இல்லை. நல்லவேளை, அந்த வீட்டுக்குப் பென்டிரைவில் கொடுத்திருந்தேன், வாங்கிக்கொண்டேன். எஸ்எஸ்டியை நானே மாட்டினேன். இப்போது 15 நொடியில் டெஸ்க்டாப் வருகிறது. ஒரு சந்தேகம்: எல்லாம் மூடிய பிறகு ஒரு குட்டி ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது.

லேப் வாத்தியார்

டிவிடி டிரைவை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அதன் ஸ்க்ரூதான்.

ஆல்பம்காரன், காரைக்குடி

வந்துவிட்டது சார்.