1987 டிசம்பர் 24: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடை திறந்திருந்ததா இல்லையா?

எருத்தேன்பதி மருமகள்:

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக இதே சண்டைதான். எம்.ஜி.ஆர். இறந்த அன்று நம் கேரளப் பக்கத்திலும் எல்லாக் கடையும் அடைத்துக் கிடந்தது, ஒரு டீ கூடக் கிடைக்கவில்லை என்கிறார் என் மாமனார். அவருடைய மச்சினரோ, "அட போங்க மாமா, அன்னைக்குத்தான் இங்கே வியாபாரமே. பொள்ளாச்சிக்காரன் பாதிப் பேர் இங்கேதான் நின்னான், கள்ளுக் கடைகூட ஓடுச்சு" என்கிறார். இருவரும் அன்று கொழிஞ்சாம்பாறையில்தான் இருந்திருக்கிறார்கள், இருவருமே விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

நான் பிறந்ததே 90க்கு அப்புறம், அதுவும் ஈரோட்டில். அந்த நாள் இங்கே எப்படி இருந்தது, ஜனங்கள் என்ன பேசினார்கள், என்ன படம் ஓடியது என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்கிறேன். மாமனாரிடம் கேட்டால் கண் கலங்கிவிடுகிறார், விவரம் மட்டும் வருவதில்லை.

பழைய பேப்பர்காரன்:

அம்மிணி, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். மாமனார் காலை நேரத்தைச் சொல்கிறார், மச்சினர் பதினொரு மணிக்கு மேல் நடந்ததைச் சொல்கிறார்.

நான் அப்போது நம் பாலக்காட்டுச் சித்தூர் காலேஜில் பிரீ டிகிரி (பிளஸ் டூ மாதிரி) படித்துக்கொண்டே, காலையில் சைக்கிளில் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் லீவு. மார்கழிப் பனி, கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை. கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாக வரும் முதல் பஸ்ஸில் கட்டு வழக்கம்போல வந்து இறங்கியது. பிரித்து, மடித்து, கிளம்பிவிட்டேன். அதில் அந்தச் செய்தி இல்லை. எப்படி இருக்கும்? ராமாவரம் தோட்டத்தில் உயிர் பிரிந்தது விடிகாலை மூன்றரை மணி வாக்கில். அதற்குள் எங்கள் கட்டு அச்சாகி வண்டி ஏறியிருக்கும்.

பாதி வீடு போட்டு முடித்திருப்பேன், டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். பாட்டு இல்லை, வெறும் வீணை. ஒருவர் என் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கி முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுப்பக்கம் என்று புரட்டினார். "இதுல ஒன்னுமே போடலையே, அப்பப் பொய்தான்" என்றார். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ரேடியோ சொல்வதை நம்புகிறவர்கள் ஒரு பக்கம், அச்சில் வந்தால்தான் நம்புவேன் என்பவர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் அப்படி நினைத்ததிலும் நியாயம் உண்டு. 1984இல் அவர் அப்போலோவில் கிடந்து, பிறகு அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எத்தனை முறை புரளி கிளம்பியது! அத்தனையையும் தாண்டி வந்து மறுபடி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவர். அதுவுமில்லாமல் அதற்கு ரெண்டு மூணு நாள் முன்னால்தான் கத்திப்பாராவில் நேரு சிலைத் திறப்பு விழாவில் ராஜீவ் காந்தியோடு இருந்தார். அதுதான் அவருக்குக் கடைசி நிகழ்ச்சியாகும் என்று யாருக்குத் தெரியும்? வாழ்நாளில் காசு கொடுத்துப் பேப்பர் வாங்காதவர்கள் எல்லாம் அன்று என்னை நிறுத்தி வாங்கிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், நான் என்னவோ செய்தி இருக்கிற பேப்பரை ஒளித்து வைத்துக்கொண்டு இல்லாததைக் கொடுக்கிறேன் என்று திட்டக்கூடச் செய்தார்.

7.15 டெல்லிச் செய்தி வந்தது. அப்புறம் யாரும் வாதாடவில்லை.

மன்றத்துப் பையன்கள் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரர்களை மிரட்ட வேண்டிய வேலையே இருக்கவில்லை, பலகைகளை அவர்களே நம்பர் வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். மலையாளிக் கடைகளும் சாத்திவிட்டன. எட்டு மணியிலிருந்து தெருவில் ஒரு டீ கிடையாது. உங்கள் மாமனார் சொல்வது இதைத்தான்.

ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. பஸ் நின்றுவிட்டது, கல்லெறி நடக்கிறது என்று பேச்சு. எங்கள் கட்டைக் கொண்டுவந்த பஸ்ஸே திரும்பிப் போகவில்லை, டிரைவரும் கண்டக்டரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று வியாழக்கிழமை, பொள்ளாச்சி மாட்டுச் சந்தை நாள். கேரளாவுக்கு மாடு வாங்கினவர்கள் லாரி கிடைக்காமல் கோபாலபுரம் செக்போஸ்ட் வழியாக மாட்டை நடத்தியே ஓட்டிக்கொண்டு வந்தார்கள், வாயில் நுரையோடு. மாட்டுக்கும் தண்ணி வேண்டும், ஆளுக்கும் தண்ணி வேண்டும். இது போதாதென்று சபரிமலை சீசன் வேறு. மண்டல பூஜைக்கு இன்னும் ரெண்டு மூணு நாள்தான். மலை இறங்கி ஊருக்குத் திரும்புகிற திருப்பூர், ஈரோட்டுச் சாமிகளின் வேன்கள் எல்லாம் இங்கேயே நின்றுவிட்டன. கறுப்பு வேட்டியில் அவர்களைப் பார்த்துவிட்டு, எம்.ஜி.ஆருக்காகத்தான் கறுப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டது நினைவிருக்கிறது.

இத்தனை பேரும் பசியோடு உட்கார்ந்திருக்க, டீக்கடை மலையாளி பின்வாசல் பலகை ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக் கட்டன் சாயா ஊற்ற ஆரம்பித்தார். பால் வரவில்லை. பதினொரு மணிக்கு மன்றத்துப் பையன்களே வந்து, "சாமிமார் பட்டினி கிடக்கக் கூடாது, தலைவர் இருந்தா சோறு போடச் சொல்லியிருப்பார்" என்று முன்பக்கத்தையும் திறக்கச் சொன்னார்கள். சத்துணவு போட்ட மனுஷன் பேரைச் சொன்ன பிறகு யார் மறுப்பார்கள்? அதற்குப் பிறகு நல்ல வியாபாரம். மச்சினர் பார்த்தது அது.

கள்ளுக் கடை விஷயமும் உண்மைதான். தென்னையில் கள் இறக்குவதற்குப் பாளையைத் தினமும் சீவியாக வேண்டும், விட்டால் ஊற்று நின்றுபோகும். யார் செத்தாலும் மரமேறி மரம் ஏறித்தான் ஆக வேண்டும். காலையிலேயே கள் இறங்கிவிட்டது. சித்தூர்க் கள் கேரளா பூராவும் போகிற சரக்கு, அன்று வண்டி ஓட்டம் குறைந்ததால் ஊரிலேயே தங்கிவிட்டது. கடையின் முன்பக்கம் சாத்தி, பின்பக்கம் ஓலை மறைப்பு. தமிழ்நாட்டில் அந்த வருஷம்தான் கள்ளையும் சாராயத்தையும் எம்.ஜி.ஆர். நிறுத்தியிருந்தார், அதனால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நம் பக்கத்துக் கடைகள் ஏற்கெனவே பழக்கம். குடிக்காதே என்று படத்துக்குப் படம் சொன்னவருக்காகக் குடித்துவிட்டு அழுதார்கள். எனக்கு அன்றும் அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த அழுகை பொய்யில்லை.

மறக்க முடியாதது முடிதிருத்தும் கடைதான். அந்தப் பக்கம் எல்லாம் அடைப்பு, மொட்டை அடித்துக்கொள்ள எல்லை தாண்டி இங்கே வந்தார்கள். ஆலமரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டு, ஒரு குண்டா தண்ணீர் வைத்து, பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகிக்கொண்டு வரிசையாக அடித்துத் தள்ளினார் கடைக்காரர். அப்பனும் மகனுமாக உட்கார்ந்தவர்கள் உண்டு. என் கூடப் படித்தவன் ஒருவன், பெற்ற அப்பன் செத்தபோதே மொட்டை அடிக்காதவன், அன்று அடித்துக்கொண்டான். அவன் அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

படம் பற்றிக் கேட்டீர்கள். அந்தத் தீபாவளிக்கு வந்தவை நாயகனும் மனிதனும். கோயம்புத்தூர், பாலக்காடு போனால் பார்க்கலாம். நம் ஓலைக் கொட்டகைக்கு எல்லாம் ஆற அமரத்தான் வரும். அன்று ஓடிக்கொண்டிருந்த மலையாளப் படத்தை நிறுத்திவிட்டு, கொட்டகைக்காரர் எங்கிருந்தோ பழைய எம்.ஜி.ஆர். படப் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்கள் பக்கம் படம் பார்த்தவர்களைவிட ஒப்பாரி வைத்தவர்கள்தான் அதிகம்.

வடவன்னூர்க்காரி:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி, எங்கள் ஊரை விட்டுவிட்டாரே! எம்.ஜி.ஆர். பிறந்தது இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில், 1917இல். ஆனால் அம்மா சத்தியபாமா வீடு எங்கள் வடவன்னூர். அன்று காலை இங்கே பெண்கள் பேசிக்கொண்டதில் முதலமைச்சர், நடிகர் என்ற பேச்சே கிடையாது. எங்கள் அம்மம்மா அவர் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. "சத்தியபாமேடெ மோன் போயி" என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார், பக்கத்துத் தறவாட்டில் எழவு விழுந்தாற்போல. கோவிந்தாபுரம் வழியாக நடந்தே வந்த தமிழ்நாட்டு ஆட்கள் சிலர் வீடு எது என்று கேட்டு, வாசல் மண்ணைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனார்கள். ரொம்ப நாள் அந்த வீட்டில் அங்கன்வாடி நடந்தது. இப்போது நினைவு இல்லமாக்கி அழகாக வைத்திருக்கிறார்கள். கொல்லங்கோட்டுப் பக்கம் வந்தால் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மீனாட்சிபுரம் ஸ்டேஷன் ரோடு:

நல்ல பதிவு. எனக்கு நினைவிருப்பது கிரிக்கெட். ஹிர்வானி 16 விக்கெட் எடுத்தாரே, அந்த மேட்ச் கமெண்டரியை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் எம்.ஜி.ஆர். செய்தி சொன்னார்கள். ரயில்வே கேட்மேன் டிரான்சிஸ்டரில் கேட்டேன்.

பழைய பேப்பர்காரன்:

இல்லைங்க தம்பி, ரெண்டையும் சேர்த்துக் குழப்புகிறீர்கள். ஹிர்வானி மேட்ச் 1988 பொங்கலை ஒட்டி, சேப்பாக்கத்தில், ஜனவரி 11 ஆரம்பம். முதல் டெஸ்டிலேயே ரெண்டு இன்னிங்ஸிலும் எட்டு எட்டு விக்கெட், 136 ரன்னுக்கு 16. வெங்சர்க்கார் ஆடாததால் ரவி சாஸ்திரி கேப்டன். அப்போது தமிழ்நாட்டில் முதல்வர் நாற்காலியில் ஜானகி அம்மாள். டிசம்பர் 24ஆம் தேதி மேட்சே கிடையாது, வெஸ்ட் இண்டீசோடு கல்கத்தா டெஸ்ட் தொடங்கியது 26ஆம் தேதி. கேட்மேன் ரேடியோவில் கேட்டது வேறு நாளாக இருக்கும்.

மறுநாள் 25ஆம் தேதி கிறிஸ்துமஸ். நம் பக்கம் சர்ச்சில் நள்ளிரவுப் பூசை நடந்தது, கொட்டு முழக்கம் மட்டும் வேண்டாம் என்று பாதிரியாரே சொல்லிவிட்டார். பகலில் ராஜாஜி மண்டபத்திலிருந்து மெரினா வரை ஊர்வலம். அன்றைக்குப் பேப்பர் கட்டு வரவில்லை. மவுண்ட் ரோட்டில் கருணாநிதி சிலையைக் கடப்பாரையால் உடைத்தது, பீரங்கி வண்டியில் ஏறிய ஜெயலலிதாவைக் கீழே தள்ளியது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சாகத்தான் வந்தது. ஒவ்வொரு வாயிலும் ஒரு கை கூடியிருக்கும்.

எருத்தேன்பதி மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன். மாமனார், "அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தன்" என்கிறார்! இத்தனை வருஷம் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணா, அந்த முடிதிருத்துபவர் அன்று காசு வாங்கினாரா? அதற்கும் இப்போது சண்டை தொடங்கிவிட்டது.

பழைய பேப்பர்காரன்:

மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காசு வாங்கினார் அம்மிணி, பிளேடுக் காசு மட்டும். கொடுத்தவனிடம் வாங்கிக்கொண்டார், கொடுக்காதவனைக் கேட்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் பெட்டிக்கடையில் இருந்த பிளேடும் தீர்ந்துபோய், ஒரே பிளேடில் ஏழெட்டுத் தலை ஓட்டினார். கடைசியில் வந்தவர்களுக்கு அங்கங்கே கீறல், மஞ்சள் பூசி அனுப்பினார். உங்கள் மாமனார் தலையில் தழும்பு இருந்தால் சாயங்காலம் போயிருக்கிறார் என்று அர்த்தம்.