வாடகை பாக்கி இருந்த வரை

குழு: நாகர்கோவில் வீட்டார்

ஞாயிறு, இரவு 9:08
கார்த்திக்: பெரியப்பா, இன்று மாலை தொலைக்காட்சியில் 'ஃபிர் ஹேரா ஃபேரி' என்ற இந்திச் சிரிப்புப் படம் போட்டார்கள். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனோம். நீங்கள் பாதியிலேயே அணைத்துவிட்டதாகப் பெரியம்மா சொன்னார்கள். முதல் படமான 'ஹேரா ஃபேரி'யை வசனம் மாறாமல் சொல்லக்கூடிய உங்களுக்கு இரண்டாம் பாகம் ஏன் பிடிக்காமல் போனது?

9:26
சுந்தரம் பெரியப்பா (செம்பூர், மும்பை): சிரிப்பு வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன், கார்த்திக். பாபுராவாக நடிக்கும் பரேஷ் ராவல் அந்தத் தடிமனான கண்ணாடியோடு வந்து நின்றாலே எனக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் 2000ஆம் ஆண்டில் பிரியதர்ஷன் இயக்கிய முதல் படத்தில் அந்த மூவரும் எதற்காகத் தவிக்கிறார்கள் என்பது ஒவ்வொரு காட்சியிலும் நமக்குத் தெரிந்திருந்தது. வங்கித் தீ விபத்தில் இறந்துபோன தந்தையின் வேலையையாவது பெற்றுவிடலாம் என்று ஷியாம் அலைகிறான். ராஜுவுக்கு எந்த வேலையும் நிலைப்பதில்லை. வீட்டுக்காரரான பாபுராவோ வராத வாடகைக்காகக் கத்திக் கத்தியே ஓய்ந்துபோகிறார். தொலைபேசிப் புத்தகத்தில் நேர்ந்த ஒரு பிழையால், பணக்காரர் வீட்டுக்குப் போகவேண்டிய ஆள்கடத்தல்காரனின் அழைப்பு இந்தப் பட்டினிக்காரர்களின் வீட்டில் மணியடிக்கும்போது, அவன் கேட்ட 10 லட்சத்தை இவர்கள் அந்தப் பணக்காரரிடம் 20 லட்சமாக்கிக் கேட்பது தவறு என்று தெரிந்தும், நம் மனம் அவர்கள் பக்கமே சாய்கிறது.

நான் 1983இல் செம்பூருக்கு வந்தபோது, ஓர் அறையில் ஐந்து பேர் படுத்திருந்தோம். வேலைக்கான அழைப்பு வந்தால் பக்கத்துக் கடைக்காரரின் தொலைபேசிக்குத்தான் வரவேண்டும். அந்த மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடத்தது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் படம் எனக்குச் சிரிப்புப் படமாக மட்டும் இருந்ததில்லை.

9:34
தேன்மொழி: இரண்டாம் படத்திலும் அவர்கள் பணத்தை இழந்து மறுபடியும் ஏழைகளாகத்தானே ஆகிறார்கள், பெரியப்பா?

9:41
சுந்தரம் பெரியப்பா (செம்பூர்): ஆகிறார்கள், தேனு. ஆனால் எப்படி ஆகிறார்கள் என்று பார். பங்களாவில் வசதியாக இருப்பவர்கள், சில நாட்களிலேயே பணம் இரட்டிப்பாகும் என்ற பேச்சை நம்பி அந்த வீட்டையே விற்கிறார்கள். முதல் படத்தில் இல்லாமை அவர்களைத் துரத்தியது. இங்கே பேராசை இழுத்துச் செல்கிறது. பேராசைக்காரனின் வீழ்ச்சியும் நல்ல நகைச்சுவையாகலாம். அதற்கு அவன் மனம் எப்படி மயங்கியது என்பதைப் பொறுமையாகக் காட்டவேண்டும். அந்தப் பொறுமை இந்தப் படத்தில் இல்லை.

9:47
மல்லிகா அத்தை (நாகர்கோவில்): அண்ணா, எனக்கு மிகுந்த வருத்தம் தருவது அந்த இடம்தான். நம் தெருவில் ஒரு சீட்டு நிறுவனம் மூடப்பட்டபோது, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கட்டியிருந்த பக்கத்து வீட்டு அக்கா, பூட்டிய கதவுக்கு முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்தப் படத்தில் ராஜுவும் அப்படித்தான் காலியான அலுவலகத்தைக் கண்டு திகைத்து நிற்கிறான். அந்த வலியை வைத்துக்கொண்டு முதல் படத்துக்கு ஈடான ஒரு படத்தை எடுத்திருக்கலாம். ஆனால் கதை அங்கே நிற்காமல், கடன்கொடுத்த ரவுடி, போதைப்பொருள், பழங்காலத் துப்பாக்கிகள் என்று ஓடி, கடைசியில் சர்க்கஸ் கூடாரத்துக்குள் போய் விழுகிறது.

9:52
கார்த்திக்: ஆனால் அத்தை, ஜானி லீவரும் ராஜ்பால் யாதவும் வரும் காட்சிகளை உங்களால் குறை சொல்ல முடியாது. வசூலிலும் இரண்டாம் படம்தான் முந்தியது.

9:58
மல்லிகா அத்தை (நாகர்கோவில்): அவர்கள் இருவரும் நன்றாகத்தான் நடித்திருக்கிறார்கள், மக்களே. முதல் படம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்து சேர்த்துவைத்த அன்பும் அந்த வசூலுக்கு ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். நீ இன்னும் ஒரு படி பின்னால் போய்ப் பார்க்கவேண்டும். இந்தக் கதை 1989இல் சித்திக்கும் லாலும் சேர்ந்து எடுத்த மலையாளப் படமான 'ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்'. நாடகக் கம்பெனி நொடித்துப்போன மன்னார் மத்தாயியாக இன்னொசென்ட் நடித்தார். மகன் பெரிய வேலையில் இருந்து வீடு கட்டுகிறான் என்று நம்பிக்கொண்டிருக்கும் தாயிடம் முகேஷ் மாட்டிக்கொள்ளும் இடத்தில் திரையரங்கில் என் பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். அடுத்த ஆண்டே ஃபாசில் அதைத் தமிழில் 'அரங்கேற்ற வேளை' என்று பிரபு, ரேவதி, வி. கே. ராமசாமியை வைத்து எடுத்தார்.

10:03
தேன்மொழி: 'ஆகாய வெண்ணிலாவே' பாட்டு வரும் படமா, அத்தை? அதுவும் இந்தக் கதைதான் என்று எனக்கு இதுவரை தெரியாது.

10:05
மல்லிகா அத்தை (நாகர்கோவில்): அதே படம்தான். மூன்று மொழிகளிலும் அந்தக் கதை நின்றதற்குக் காரணம், வேலையில்லாதவன் வீடு எந்த ஊரிலும் ஒன்றுபோலவே இருப்பதுதான். மலையாளத்திலும் 1995இல் 'மன்னார் மத்தாயி ஸ்பீக்கிங்' என்று இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் அந்தத் தாயின் காட்சியைப் போல ஒன்று அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

10:14
கார்த்திக்: இயக்குநர் மாறியதும் ஒரு காரணமாக இருக்குமா, பெரியப்பா?

10:23
சுந்தரம் பெரியப்பா (செம்பூர்): இருக்கலாம். ஆனால் இரண்டாம் படத்தை இயக்கிய நீரஜ் வோரா வெளியாள் இல்லை. முதல் படத்தின் வசனத்தை எழுதியவரே அவர்தான். அதனால் மூவரின் பேச்சும் இந்தப் படத்தில் மாறவில்லை. மாறியது அவர்களுக்குள் இருந்த உறவு. முதல் படத்தில் ஷியாமும் ராஜுவும் ஒருவரையொருவர் வெறுக்கத் தொடங்கி, வறுமையில் ஒரே அறையில் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக நண்பர்களாகிறார்கள். குடித்துவிட்டுக் கத்தும் பாபுராவ் எப்போது அவர்களுக்குத் தகப்பனைப் போல ஆனார் என்று நாமே கவனிக்காமல் போய்விடுவோம். இரண்டாம் படத்தில் அவர்கள் தொடக்கத்திலேயே நண்பர்கள். அதற்குமேல் அந்த நட்புக்கு வளர இடமில்லை. முதல் படத்தில் தபு நடித்த அனுராதா வேலைக்காக ஷியாமோடு மோதினாலும், அவளுக்கும் வீட்டில் ஒரு கஷ்டம் இருந்தது. இரண்டாம் படத்தில் அதே பெயரில் பிபாஷா பாசு வருவதோ மோசடி செய்வதற்காக. அவளைப் பற்றி நாம் கவலைப்படுவதற்கு முன்பே அடுத்த துரத்தல் தொடங்கிவிடுகிறது.

10:29
கார்த்திக்: முதல் படத்தை நான் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது, பெரியப்பா. ஷியாம் வங்கிக்கு அலையும் பகுதியை முழுதாகப் பார்த்ததே இல்லை. வரும் ஞாயிறு செம்பூருக்கு வரட்டுமா?

10:32
சுந்தரம் பெரியப்பா (செம்பூர்): வா. மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடு. முதல் காட்சியிலிருந்து பார்க்கலாம்.

10:34
மல்லிகா அத்தை (நாகர்கோவில்): அண்ணா, முடிந்தால் ராம்ஜி ராவையும் அன்றே போட்டுக்காட்டுங்கள். அந்தத் தாய் வரும்போது யாரும் பேசக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.